நாற்பத்தொன்றாக இருப்பது

நாற்பத்தொன்றாக இருப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. நாற்பதுக்குப் பின்னால், நாற்பத்திரண்டுக்கு முன்னால், யாரையும் இடிக்காமல் நிற்கலாம். வகுப்பில் நடு பெஞ்சு மாதிரி. முன்னால் இருப்பவர்களைக் கேள்வி கேட்பார்கள், கடைசியில் இருப்பவர்களைத் திட்டுவார்கள். நடுவில் இருப்பவர்கள் தங்கள் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வயதைப் பற்றிய பேச்சும் இல்லை இது. வயது நாற்பத்தொன்றைத் தாண்டிப் போய் நாளாகிறது.

திரையில் ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் விரிந்திருந்தன. துணைநூற்பட்டியல். அறுபத்தேழு நூல்களும் கட்டுரைகளும், எழுதியவர் பெயரின் அகரவரிசையில், ஒவ்வொன்றுக்கும் முன்னால் சதுர அடைப்புக்குறிக்குள் ஓர் எண். நாற்பத்தொன்று என்ற எண்ணுக்கு நேரே இருந்தது அவள் பெயர்.

அவள் பெயர்தான். சந்தேகமேயில்லை. முன்னால் மட்டும் அப்பாவின் முதலெழுத்து நின்றது. கல்யாணத்தன்று கழற்றி வைத்த எழுத்து. இத்தனை வருஷம் எங்கே சுற்றிக்கொண்டிருந்ததோ, சட்டை மடிப்புக்கூடக் கலையாமல் வந்து நின்றது. பக்கத்தில் தலைப்பு: ‘ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிதலும் விலகலும் – முதற்பகுதி.’

கல்லூரியின் அறிவியல் இதழில் வந்த எட்டுப் பக்கக் கட்டுரை. ‘இரண்டாம் பகுதி அடுத்த இதழில்’ என்று முடிந்திருந்தது. அடுத்த இதழ் வந்தபோது அவள் வேறொரு வீட்டில், வேறொரு ஜன்னலுக்கு முன்னால், பால் பொங்கி வழியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பகுதியை யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆனால் முதல் பகுதியை இந்த உலகத்தில் யாரோ ஒருவர் படித்திருக்கிறார். படித்ததோடு நிற்காமல் எண்ணும் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்.

“என்ன கோர்வை, திரையைப் பார்த்து நீயா சிரிக்கிற?”

எதிர் மேஜையிலிருந்து பிழையண்ணன் கேட்டார். மெய்ப்பு பார்ப்பவர். பிழையே இல்லாத பக்கம் கையில் கிடைத்தால் அவருக்கு அன்று முழுக்க உடம்பு சரியில்லாமல் போய்விடும்.

“ஒண்ணுமில்லண்ணே. கண்ணு கூசுது.”

“கண்ணு கூசினா தண்ணி வரணும். சிரிப்பு வந்தா அது வேற வியாதி.”

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில், மூன்று மேஜை போட்ட அச்சக அறை அது. புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுவது அவள் வேலை. பக்கத்தின் உச்சியில் ஒற்றை வரி தனியாக நின்றால் அவளுக்குப் பொறுக்காது. முந்தைய பக்கத்தோடு எப்படியாவது கோத்துவிடுவாள். அதனால் வந்த பெயர் கோர்வை. நிஜப் பெயர் சம்பளத் தாளில் மட்டும் இருந்தது, அதுவும் கணவனின் எழுத்தோடு.

கட்டுரை தன்னுடையது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ‘அண்ணே, ஒரு காலத்தில் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்றா? அவர் உடனே, ‘இப்ப மட்டும் என்ன பண்ற?’ என்பார்.

மாடிப்படியில் ஒரு தலை தெரிந்தது. முதலாளியின் தலை. அவருக்கு முழங்கால் வலி, கடைசி நாலு படி ஏறமாட்டார். அந்த அறைக்கு அவர் எப்போதும் கழுத்துக்கு மேலேதான்.

“கோர்வைம்மா! மூடுபனி படியேறுது!” என்றது தலை.

மூடுபனி என்பது ஓய்வுபெற்ற பேராசிரியர். இருபத்தைந்து வருஷமாக மூடுபனியை ஆராய்ந்தவர், இப்போது அதைப் புத்தகமாக்குகிறார். நடையும் அப்படித்தான். சத்தமே இல்லாமல் வந்து அறை முழுவதும் பரவிவிடுவார். பின்னாலேயே அவர் மனைவி வருவார். மூலையில் கிடக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து சாம்பல் நிறக் கம்பளி நூலை எடுத்துப் பின்னத் தொடங்குவார். அது சால்வையா, சட்டையா, போர்வையா என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், “முடியட்டும், தெரியும்” என்பார். பின்னும்போது ஊசியைப் பார்க்கமாட்டார். பக்கம் கட்டுகிறவள் முகத்தைத்தான் பார்ப்பார்.

இந்த வேலை இங்கே வருவதற்கு முன் வேறு மூன்று அச்சகங்களுக்குப் போய் வந்திருந்தது. கைப்பிரதி முழுக்க மூன்று நிறப் பென்சில் குறிகள். வந்த அன்றே முதலாளி கேட்டுவிட்டார்.

“அங்கெல்லாம் என்ன குறை சார்?”

“குறையே இல்லை. நான் சொன்னதையெல்லாம் அப்படியே செஞ்சாங்க.”

“அப்புறம் ஏன் சார்…”

“அதான்.”

முதலாளி அன்று மாலை சந்தோஷமாக இருந்தார். “சொன்னதைச் செஞ்சா அவருக்குப் பிடிக்காதாம். நாம இதுவரைக்கும் யார் சொன்னதையும் செஞ்சது கிடையாது. நமக்குன்னே பிறந்த ஆளுய்யா!”

பேராசிரியர் திரைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இந்த அடைப்புக்குறி ஜெயில் கம்பி மாதிரி இருக்கேம்மா. ஒவ்வொரு எண்ணும் உள்ளே மாட்டிக்கிட்டு முழிக்குது. வெளியே விட்டுடலாமா?”

“சரி சார்.”

எதற்கும் அவள் சரி சார்தான். அவள் வேலை செய்யும் மென்பொருள் எண்களைத் தானே போட்டுக்கொள்ளும். பட்டியலில் புதிதாக ஒருவர் நுழைந்தால் மற்றவர்கள் பேருந்து இருக்கையில் தள்ளி உட்காருவதுபோல் தள்ளிக்கொள்வார்கள். புத்தகத்துக்குள் அவர்களைக் குறிப்பிடும் இடங்களில் எல்லாம் எண்ணும் சொல்லாமலே மாறிவிடும். எண்ணின் தோற்றத்தை மாற்ற ஒரே ஒரு கட்டளை வரியைத் திருத்தினால் போதும். அந்த வரியை அவளுக்குப் பிடிக்கும். இங்கே ஓர் எழுத்தைத் தட்டினால் அங்கே அறுபத்தேழு பேர் உடை மாற்றிக்கொள்கிறார்கள். வீட்டில் ஒருவரைச் சட்டை மாற்ற வைப்பதற்கே தொண்டை வற்றுகிறது.

அடைப்புக்குறிகளை எடுத்தாள். எண்கள் விடுதலையாயின.

மறுநாள் காலை பிழையண்ணன் அலறினார்.

“கோர்வை! இதைக் கேளு. ‘விடிகாலை மூடுபனி மூன்று வகைப்படும் 17.’ மூணா பதினேழா? ‘ஏரிக்கரையில் ஒரே ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது 52.’ ஒரு கொக்கு அம்பத்திரண்டு தடவை நின்னுச்சா, இல்ல அம்பத்திரண்டு கொக்கு ஒண்ணு மேல ஒண்ணா நின்னுச்சா?”

அவள் எண்களைச் சின்னதாக்கி வரிக்கு மேலே தூக்கினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்த மாதிரி. பேராசிரியர்கூடத் தலையாட்டினார். பிழையண்ணன்தான் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

“சார், பார்வை எட்டும் தூரம் அஞ்சு மீட்டர்னு எழுதியிருக்கீங்க. மீட்டர் தலைமேல இவ நாப்பத்தொண்ணை ஏத்தி வச்சிருக்கா. மீட்டருக்குச் சதுரம் உண்டு, கனம் உண்டு. நாப்பத்தொண்ணாம் அடுக்கு எந்த உலகத்துல இருக்கு?”

பேராசிரியர் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார்.

“மூடுபனிக்குள்ளே நின்னா அப்படித்தான் தோணும்” என்றார் மெதுவாக. “அஞ்சு மீட்டர்தான் தெரியும். ஆனா அதுக்கு முடிவே இருக்காது.”

“சார், உங்களுக்குத் தோணும். வாசகருக்குத் தலை சுத்தும்.”

அவளுக்கு உள்ளே ஏதோ குறுகுறுத்தது. ஐந்து மீட்டரை அண்டத்துக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தியது அவளுடைய எண். இப்படிச் சந்தோஷப்படுவது அவளுக்கே வெட்கமாக இருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். திரும்பியபோது பேராசிரியரின் மனைவி ஊசியை நிறுத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க எங்கே படிச்சீங்கம்மா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் படியிலிருந்த தலை பதில் சொல்லிவிட்டது.

“அனுபவம்தான் படிப்பு மேடம்! எங்க பசங்க எல்லாரும் இங்கேயே கத்துக்கிட்டவங்க!”

பசங்க என்றால் அவளும் பிழையண்ணனும். அவருக்கு அடுத்த வருஷம் ஓய்வு.

சிக்கல் தீர எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து போடலாம் என்று அவள்தான் யோசனை சொன்னாள். பனிக்கு ‘ப’. ப17, ப41, ப52. யாரும் அதைக் கொக்கின் கணக்கென்றோ மீட்டரின் அடுக்கென்றோ நினைக்கமாட்டார்கள்.

உண்மைதான், அப்படி யாரும் நினைக்கவில்லை. பக்க எண் என்று நினைத்தார்கள். பிழையண்ணன் ‘ப41’ என்பதைப் பார்த்து நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் புரட்டினார். அங்கே ‘ப17’ என்றிருந்தது. பதினேழாம் பக்கம் போனார். அது அவரை ஐம்பத்திரண்டுக்கு அனுப்பியது. ஐம்பத்திரண்டு மறுபடி நாற்பத்தொன்றுக்கு அனுப்பியது. மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் புத்தகத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார் மனுஷன்.

“அண்ணே, சாப்பாடு ஆறுது.”

“வர்றேன் இரு. வழி விசாரிச்சுக்கிட்டிருக்கேன்.”

அன்று மாலை பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தலை சாய்ந்தது, கண் சொருகியது. ஒரு பெரிய மைதானத்தில் மூடுபனி. அறுபத்தேழு பேர் வரிசையில் நிற்கிறார்கள். எல்லோர் முதுகிலும் எண். அவள் தன் எண்ணைப் பார்க்கத் திரும்புகிறாள். யாரால் தன் முதுகைப் பார்க்க முடியும்? முன்னால் இருப்பவரின் தோளைத் தொட்டு, ‘என் எண் என்ன, பார்த்துச் சொல்லுங்களேன்’ என்கிறாள். அவர் திரும்பவில்லை. அவருக்கும் அதே கேள்விதான் போல. கடைசியில் யாரோ தோளைத் தட்டினார்கள். நடத்துநர்.

“இறங்கற இடம் போயிடுச்சும்மா. அப்பவே கத்தினேன்.”

திரும்பி நடந்து வீட்டுக்கு வந்தாள்.

காலையில் சமையலறை ஜன்னலில் ஆவி படிந்திருந்தது. அடுப்பில் வெந்நீர் கொதிக்கும் இந்த நேரம் மட்டும் அவளுடையது. கண்ணாடியின் நடுவில்தான் முதலில் படியும், மூலைகளில் கடைசியாக. விலகும்போது தலைகீழ், மூலைதான் முதலில் தெளியும். ஆனால் இடது கீழ் மூலை மட்டும் யார் பேச்சையும் கேட்காது. குளிர் அதிகமான நாட்களில் அது கடைசிவரை விட்டுக்கொடுக்காது. ஏன் என்று கல்லூரி நாட்களில் தெரியவில்லை. இத்தனை வருஷம் தினமும் பார்த்ததில் இப்போது தெரியும். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் நுழையும் காற்றைப் பற்றி யாரிடம் பேசுவது?

“ஆரம்பிச்சாச்சா கண்ணாடிப் பரீட்சை?” என்று வந்தான் கணவன். திரைச்சீலைக் கடை வைத்திருப்பவன். ஜன்னல் என்பது அவனுக்கு மூடவேண்டிய ஒன்று. “ஊரெல்லாம் என் திரை தொங்குது. என் வீட்டுச் சமையலறை மட்டும் மொட்டையா நிக்குது. பாக்கிறவன் என்ன நினைப்பான்?”

“இங்கே வேண்டாங்க.”

“நல்ல நீலத்துல ஒரு துண்டு மிச்சம் இருக்கு. அளவுகூட எடுத்துட்டேன்.”

“வேண்டாங்க.”

“எல்லாத்துக்கும் சரி சரிங்கிற. இந்த ஒரு ஜன்னல்ல மட்டும் என்ன பிடிவாதம்?”

அவள் கண்ணாடியில் விரலால் ஓர் எண் எழுதினாள். நாற்பத்தொன்று. அது கொஞ்சம் அழுதுவிட்டு மறைந்தது.

“வயசை ஏன் குறைச்சுக்கிற?” என்றான் அவன். தேநீரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த முறை மூடுபனி படியேறியபோது புதிய திட்டம் ஒன்று கூடவே ஏறியது.

“அகரவரிசை எதுக்கும்மா? அது பெயர் வச்சவங்க செஞ்ச வேலை. எழுதினவங்க என்ன செஞ்சாங்க அதுக்கு? நான் படிச்ச வரிசையிலே எண் கொடுத்துடலாம். முதல்ல எது வந்து என்னைத் தொட்டுதோ அது ஒண்ணு. ப-வும் வேண்டாம், பூச்சியும் வேண்டாம். அடைப்புக்குறியே இருக்கட்டும், பாவம்.”

“சரி சார். ஆனா நீங்க எப்ப எதைப் படிச்சீங்கன்னு மென்பொருளுக்குத் தெரியாது. ஒவ்வொண்ணா நானே கையால போடணும்.”

“அதான் வந்திருக்கேன். நீங்க ஒவ்வொண்ணையும் வாய்விட்டுப் படிங்க. எழுதினவங்க பெயரையும் சேர்த்து. நான் சொல்றேன்.”

பிழையண்ணன் பேனாவை மூடிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். கதை கேட்க யாருக்குத்தான் கசக்கும்?

அவள் படித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் பேராசிரியர் கண்ணை மூடி எங்கோ போய்வந்தார். “அது மருத்துவமனை வராந்தாவிலே. பையன் பிறந்தப்போ.” “அது கடன் வாங்கின புத்தகம். அட்டை இல்லாம இருந்துது.” “அதுவா? பாதி படிச்சுத் தூங்கிட்டேன். மீதி பாதியைத் தூக்கத்திலேயே படிச்சேன்.” மூலையிலிருந்து மனைவி திருத்தினார். “மருத்துவமனை பையனுக்கு இல்ல, பொண்ணுக்கு.” “சரி, அப்போ அது நாலு வருஷம் பின்னாடி போகட்டும்.” எண்கள் அங்குமிங்கும் இடம் மாறின.

நாற்பத்தொன்று வந்தது. அவள் தன் பழைய பெயரை உரக்கச் சொல்லவேண்டும். கடைசியாக அதைச் சொன்னது எப்போது? தேர்வு அறையில் வருகைப்பதிவுக்காக இருக்கலாம். இருமினாள். அப்பாவின் எழுத்தைச் சொன்னாள், பெயரைச் சொன்னாள், தலைப்பைச் சொன்னாள். அறையில் வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது.

பேராசிரியர் கண்ணை மூடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அதுவா? ரயில்ல படிச்சேன். யாரோ இருக்கையிலே விட்டுட்டுப் போன இதழ். மழை நாள். கண்ணாடி முழுக்க ஆவி. படிச்சுட்டு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தேன், மறுபடி படிச்சேன். இறங்கவேண்டிய ஊர் போயே போச்சு. அதுவரைக்கும் நான் மேகத்தை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தேன். அண்ணாந்தே பார்த்துக்கிட்டிருந்தவன் அன்னைக்குத்தான் கீழே பார்த்தேன். மேகம் தரையிலேயும் இருக்குன்னு.”

“அப்போ… எத்தனாவது சார்?”

“அது ஒண்ணு. மேகப் புத்தகங்களையெல்லாம் கடைசியிலே தள்ளுங்க. அது போன ஜென்மம்.”

அவள் ‘1’ என்று தட்டினாள். விரல் சில்லென்றிருந்தது. நாற்பத்தொன்றாக இருப்பதில் கேவலமில்லைதான். ஆனால் ஒன்றாக இருப்பது அடியோடு வேறு விஷயம். முதல் பெஞ்சில் உட்கார்ந்தால் இப்படித்தான் காது சூடாகுமோ?

மற்ற அறுபத்தாறையும் போட்டு முடித்தாள். புத்தகத்துக்குள் எண்கள் வரும் இடங்களையும் புது எண்களோடு ஒவ்வொன்றாகக் கட்டிவிட வேண்டும். தன்னைக் குறிப்பிடும் மூன்று இடங்களை முதலில், மிகவும் கவனமாகக் கட்டினாள். அப்புறம் மனசு ரயிலேறிப் போய்விட்டது. மழை, ஆவி படிந்த கண்ணாடி, இறங்க மறந்த ஒரு மனிதர். மற்றவர்களைக் கட்டினோமா இல்லையா என்பதே ஞாபகமில்லாமல் அச்சுப்படி எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

மென்பொருளுக்கு ஒரு பழக்கம் உண்டு. குறிப்பிட்ட ஆளை அது தேடிக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்த இடத்தில் இரண்டு கேள்விக்குறி போட்டுவிடும்.

“கோர்வை,” என்றார் பிழையண்ணன். குரல் விசேஷமான அமைதியோடு வந்தது. “புத்தகம் முழுக்கக் கேள்வியா இருக்கு. ‘மூடுபனி மூன்று வகைப்படும்??’ ‘ஏரிக்கரையில் ஒரே ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது??’ எழுதினவருக்கே நம்பிக்கை இல்லைன்னா எப்படி?”

“ஐயோ. உடனே சரி பண்ணிடறேண்ணே.”

“இரு. இன்னொண்ணு. அறுபத்தாறு பேருக்கும் கேள்விக்குறி. இந்த ஒண்ணாம் நம்பருக்கு மட்டும் ஜம்முனு எண் விழுந்திருக்கு. மூணு இடத்துலயும். அவங்களுக்கு மட்டும் இங்கே என்ன செல்வாக்கு?”

அவள் முகம் சிவந்தது. “தற்செயல்தாண்ணே.”

“தற்செயல் மூணு தடவை நடக்காது. மூணு தடவை நடந்தா அதுக்குப் பேர் உறவுக்காரங்க.”

அந்த நேரம் பார்த்து மூடுபனி வந்து சேர்ந்தது. அச்சுப்படியை வாங்கிப் புரட்டியது. புரட்டப் புரட்ட அவர் முகம் குழந்தை முகமாகிக்கொண்டே வந்தது.

“இது பிரமாதமா இருக்கே! எல்லா வாக்கியமும் கேள்வியா முடியுது. இருபத்தைந்து வருஷம் ஆராய்ச்சி பண்ணி எனக்குக் கிடைச்சது இதுதான். இப்படியே இருக்கட்டுமே?”

படியிலிருந்து தலை பெருமூச்சு விட்டது. “சார், கீழே பின்கட்டுல மெஷின் சும்மா நின்னு கொட்டாவி விடுது. இன்னும் ஒரு வாரம் இப்படியே நின்னா துரு பிடிச்சுடும். எனக்கும் சேர்த்துத்தான்.”

பேராசிரியர் மனசில்லாமல் சம்மதித்தார். அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கட்டினாள். எந்த எண்ணும் பிசகவில்லை, எந்தக் கொக்கும் பெருகவில்லை. பிழையண்ணன் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பார்த்துவிட்டு, பிழையே அகப்படாததால் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டார்.

கடைசி நாள் எல்லோரும் இருந்தார்கள். பேராசிரியர் பட்டியலின் முதல் பக்கத்தை எடுத்துத் தொலைவில் பிடித்துப் பார்த்தார். மூலையில் ஊசிகள் மெல்ல உரசிக்கொண்டிருந்தன. சாம்பல் நிறப் பின்னல் இப்போது நாற்காலிக்குக் கீழே தரையில் கிடந்து பரவியது.

“எல்லாம் சரியா இருக்கு. ஒரே ஒரு திருத்தம்மா.”

“சொல்லுங்க சார்.”

“அந்த ஒண்ணாம் எண்ணை எடுத்துடுங்க.”

“எண்ணையா சார்?”

“அந்தப் பதிவையே. புத்தகத்துக்குள்ளே வர்ற மூணு இடத்தையும் சேர்த்து. யோசிச்சுப் பார்த்தேன். அது பாதியிலே நிக்குது. ‘இரண்டாம் பகுதி அடுத்த இதழில்’னு சொல்லிட்டு ஆளையே காணோம். பாதியிலே நிக்கிறதுக்கு ஒரு எண் எதுக்கு? எழுதினவங்களே விட்டுட்டாங்க, நாம ஏன் பிடிச்சுக்கிட்டிருக்கணும்?”

“கோர்வைம்மா, ஒரு வரிதானே,” என்றது தலை. “ஒரு தட்டு தட்டிடு. மத்தவங்க ஒவ்வொருத்தரா முன்னால வந்துடுவாங்க.”

“ஆமாம், இரண்டு ஒண்ணாகும், மூணு ரெண்டாகும்,” என்றார் பிழையண்ணன். ஏனோ அவர் குரலில் உற்சாகம் இல்லை.

அவள் விரல் அழிக்கும் விசையின் மேல் இருந்தது. ஒரு தட்டு. அதைத் தட்டிவிட்டு எப்போதும்போல் பேருந்தில் ஏறி வீட்டுக்குப் போகலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. இருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நாளைக்குச் சமையலறையில் நீலத் திரை தொங்கும்.

சொல்லிவிடலாமா, நான்தான் என்று? சொன்னால் பரிதாபப்பட்டு வைத்துக்கொள்வார்கள். பரிதாபத்துக்குக் கிடைக்கிற எண் அவளுக்கு வேண்டாம். அந்த எட்டுப் பக்கம் ஓர் ஆளை ரயிலிலிருந்து இறங்கவிடாமல் செய்திருக்கிறது. அது தன் காலில்தான் நின்றுகொண்டிருக்கிறது, பாதியில் நின்றாலும்.

கண்ணாடியின் இடது கீழ் மூலை நினைவுக்கு வந்தது. கடைசிவரை விட்டுக்கொடுக்காத மூலை.

விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“எடுக்க முடியாது சார்.”

அவள் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்து அங்கே யாரும் கேட்டதில்லை. முதலாளி வலியை மறந்து அந்த நாலு படியையும் ஏறி வந்துவிட்டார். அவருக்கும் கால்கள் உண்டு என்பதைப் பிழையண்ணன் அன்றுதான் பார்த்தார்.

“கோர்வைம்மா! என்ன பேசற? சார் சொல்றாருல்ல? வேலையைத் தூக்கிக்கிட்டு அடுத்த அச்சகத்துக்குப் போயிட்டா?”

“போகட்டும் சார். நான் எடுக்கமாட்டேன்.” குரல் உயரவில்லை. “வேற யாரையாவது எடுக்கச் சொல்லுங்க.”

பேராசிரியர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மூலையில் ஊசிகள் நின்றுவிட்டிருந்தன. அந்த அம்மாள் பின்னலை மடியிலிருந்து எடுத்துப் பத்திரமாகக் கீழே வைத்தார், எழுந்து வந்தார், அவள் தோளில் கை வைத்தார்.

“அந்தக் கட்டுரை எழுதினவங்க அச்சு வேலைக்குப் போயிட்டாங்கன்னு மட்டும்தான் கல்லூரியிலே சொன்னாங்க. முதல் அச்சகத்துல நேராவே கேட்டோம், மூணு பேர் ‘நான்தான் எழுதினேன்’னு கையைத் தூக்கினாங்க, அதுக்கப்புறம் கேக்கறதை விட்டுட்டு, எழுதினவங்கன்னா எடுக்க மனசு வராதுன்னு எடுக்கச் சொல்லிப் பாத்தோம், எல்லாரும் எடுத்துட்டாங்க. அந்த ரெண்டாம் பகுதி எங்கேம்மா?”